களாப்பழப் பாகில் சுண்ணாம்பு

எங்கள் வீட்டில் புளிப்புக்கு மரியாதை கிடையாது. அப்பா வெல்ல ஆலையில் பாகு காய்ச்சுகிறவர். கரும்புச் சாறு கொஞ்சம் புளித்துப்போனாலும் வெல்லம் உறையாது, பிசுபிசுவென்று நின்றுவிடும். ஒரு கொப்பரைச் சாறும், அதற்காக விடிவதற்கு முன்பிருந்து வெந்தவர்கள் உழைப்பும் வீணாகிவிடும். அதனால் வெட்டிய கரும்பு ஆலை வாசலில் ஒரு நாள் கூடுதலாகக் கிடந்தாலே அப்பாவின் முகம் மாறும். சாற்றை உள்ளங்கையில் ஏந்தி நக்கிப் பார்ப்பார். புளிப்பு தட்டினால் சுண்ணாம்புத் தண்ணீரை இன்னொரு சொம்பு ஊற்றச் சொல்வார். சுண்ணாம்பு புளிப்பைக் கொன்றுவிடும், அழுக்கையும் நுரையாக மேலே கொண்டுவந்துவிடும். பிறகு சாறு சொன்ன பேச்சைக் கேட்கும்.

வீட்டுக்கு வந்தாலும் அந்த நாக்கு மாறாது. ரசத்தில் புளி கொஞ்சம் தூக்கலாக இருந்தால், "இதுக்கும் ஒரு கரண்டி சுண்ணாம்பு உட்டிருக்கலாமே" என்பார்.

"உடுவீங்க, உடுவீங்க. கொழம்பையும் அச்சுல ஊத்தி வெல்லமாக்கி வித்துப் போடுவீங்க" என்பாள் அம்மா.

அப்படிப்பட்ட வீட்டில் ஓர் ஆடி மாதம் முழுக்க நாங்கள் புளிப்பைத் தேடி அலைந்தோம். அத்தைக்காக.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. பள்ளிபாளையத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாமா வீட்டில் விசைத்தறி. முன்னால் தறி, பின்னால் அடுப்படி, இரண்டுக்கும் ஒரே கூரை. கல்யாணமாகிப் போன வாரத்திலிருந்தே அத்தை தார் சுற்ற உட்கார்ந்துவிட்டாள். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குழல்களில் நூல் ஏற்றிக் கொடுப்பதுதான் தார் சுற்றுவது. ஆள் வராத நாளில் தறியையும் அவளே பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த ஊரில் தறிக்கு ஆள் கிடைப்பது பெரும்பாடு. வருகிறவனும் நாலு நாள் ஓட்டிவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவான். அத்தை அப்படிப் போகமாட்டாத ஆள். அவளை மருமகளாகப் பெற்றதில் அந்த வீட்டுக்கு அது ஒரு பெரிய நிம்மதி.

அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று ஆனியில் சேதி வந்தது. அடுத்த சேதி, வாந்தி நிற்கவில்லை என்பது. தண்ணீர் குடித்தால் தண்ணீர், கஞ்சி குடித்தால் கஞ்சி, ஒன்றும் குடிக்காவிட்டால் மஞ்சளாகப் பித்தம். அப்பா ஒரு நாள் ஆலைக்குப் போகாமல் பஸ் ஏறிப் போய்க் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். எங்கள் பக்கம் ஏழாம் மாதம் கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு போய் விருந்து வைத்து, சொந்தபந்தமெல்லாம் பார்க்கத்தான் பிள்ளைத்தாய்ச்சியை அழைத்து வருவது வழக்கம். மூன்றாம் மாதமே ஒரு மஞ்சள் பையோடு வந்து இறங்கியவளைப் பார்த்து எங்கள் தெருவில் ஒன்றிரண்டு பேர் அம்மாவிடம், "என்னங்க, ஏதாச்சும் சண்டையா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்கள். "வாந்திங்க, வெறும் வாந்தி" என்று அம்மா எல்லாரிடமும் உரக்கச் சொன்னாள். அப்பாவைப் பெற்றவர்கள் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டதால் அத்தைக்குத் தாய்வீடு என்றால் எங்கள் வீடுதான்.

கல்யாணத்தில் பார்த்த அத்தைக்குக் கன்னம் இருந்தது. இப்போது வந்தவளுக்குக் கண்ணும் கழுத்தெலும்பும்தான் முன்னால் தெரிந்தன. பெரியாஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றி, மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். மாத்திரையும் வெளியே வந்தது. எலுமிச்சம்பழம், புளித்தண்ணீர், கிளிமூக்கு மாங்காய் என்று யார் யார் எதெதைச் சொன்னார்களோ அத்தனையும் கொடுத்துப் பார்த்தோம். அம்மா வாந்திச் சட்டியில் சாம்பல் போடுவதும் கழுவிக் கவிழ்ப்பதுமாக இருந்தாள். அதற்கு நடுவில்தான் அவள் கரும்பில் காய்ந்த சோகையை உரிக்கிற கூலி வேலைக்குப் போய் வந்ததும். அந்த மாதத்தில் எங்கள் வீட்டில் யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஒன்று நின்றுகொண்டிருந்தார்கள், இல்லையென்றால் விழுந்து கிடந்தார்கள்.

எனக்கு அப்போது ஆறாம் வகுப்பு. ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஊருக்கு மேற்கே சின்னப் பாறைக் குன்றாக நிற்கிற கரட்டில் ஏறிக் களாப்பழம் பறித்துக் கால்சட்டைப் பையில் திணித்துக்கொண்டு வந்தேன். பழம் நசுங்கித் தொடைவரைக்கும் சிவப்பாக இறங்கியிருந்தது. அம்மா ரத்தமென்று பதறி ஓடிவந்து, பழமென்று தெரிந்ததும் அந்தப் பதற்றம் தீர முதுகில் ஒன்று வைத்தாள். கட்டிலில் சுருண்டு கிடந்த அத்தை தலையைத் தூக்கினாள்.

"அதென்ன கண்ணு, களாப்பழமா? இங்க கொண்டா."

கறுத்த பழமாகப் பார்த்து எடுத்துத் தின்றாள். ஒவ்வொரு பழத்துக்கும் ஒரு கண் சுருங்கி விரிந்தது. நானும் அம்மாவும் சட்டியைப் பக்கத்தில் நகர்த்தி வைத்துக்கொண்டு காத்திருந்தோம். வாந்தி வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளாக எழுந்து போய்ப் பழைய சோற்றில் ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டாள். அதுவும் வயிற்றிலேயே நின்றது.

மறுநாளிலிருந்து எனக்கு உத்தியோகம் கிடைத்துவிட்டது. பள்ளிக்கூடம் விட்டதும் கரடு. களாச்செடி குத்துச்செடிதான், ஆனால் ஒவ்வொரு கணுவிலும் முள் இருக்கும். காம்பைக் கிள்ளினால் பால் வடிந்து விரல் ஒட்டிக்கொள்ளும். நான் கொண்டுவந்த பழத்தை அம்மா தண்ணீரில் பிசைந்து வடிகட்டிக் கொஞ்சம் உப்பும் சர்க்கரையும் போட்டுக் கொடுப்பாள். அதைக் குடித்தால் அத்தைக்குப் பிறகு கொஞ்சம் சோறு நிற்கும். கணக்கில் நான் கெட்டிக்காரன் என்று வாத்தியார் சொன்னபோதுகூட எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்ததில்லை. ஓர் உயிரை, அதுவும் இரண்டு உயிரை, நான் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

மாமாவின் அம்மா தினமும் சாயங்காலம் போன் செய்வார். எங்கள் செல்போனில் ஸ்பீக்கர் போட்டால்தான் காதில் விழும் என்பதால் எந்தப் பேச்சும் வீட்டுக்கே பொதுவாகத்தான் நடக்கும். ஒரு நாள் அம்மா வாயெல்லாம் பல்லாகச் சொன்னாள்: "இப்பத் தேவலைங்க. களாப்பழத்தைக் கரைச்சுக் குடுத்தா நிக்குதுங்க. காத்தால ரெண்டு இட்டிலிகூடத் தின்னுச்சுங்க."

அந்தப் பக்கம் தறி இரைந்துகொண்டிருந்தது.  அதற்கு மேலே குரலை உயர்த்தி அவர் பேசினார்.

"அப்பறமென்னங்க? அந்தப் பழத்தைப் பாகாட்டக் காய்ச்சி பாட்டல்ல ஊத்திக் குடுத்து உடுங்க. அங்க படுத்துக்கிட்டுக் குடிக்கறதை இங்க தார் சுத்திக்கிட்டுக் குடிக்கட்டும். இவன் ஒருத்தனே ரெண்டு சிப்ட்டும் நின்னு நின்னு காலு வீங்கிப் போச்சுங்க. ஞாயித்துக்கெழமை இவனைத் தாட்டி உடறேன், கூட அனுப்பிச்சு உடுங்க."

அவர் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. மருமகளை வரச்சொன்னார், அவ்வளவுதான். அம்மா, "சேரிங்க" என்றாள்.  சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

அத்தைதான் முதலில் வாயைத் திறந்தாள். அம்மாவை அவள் நங்கை என்று கூப்பிடுவாள். எங்கள் பக்கம் அண்ணிக்கு அதுதான் முறை. "காய்ச்சிக் குடுங்க நங்கை. போறேன்."

"ஏம்மிணி, போயே ஆகோணுமா?" என்றார் அப்பா.

"போகாம? நானிங்க இருந்தா அவுரு அங்க ரெண்டு சிப்ட்டும் நிக்கோணுமல்லண்ணா."

"நீ போனா நீ நிக்கோணும்."

"வாந்தி வந்தா உக்கார உடறாங்கண்ணா" என்று சொல்லிவிட்டு அத்தை சிரித்தாள். நானும் சிரித்தேன். எனக்கு அது நல்ல தமாஷாகத் தோன்றியது. மற்ற இரண்டு பேரும் ஏன் சிரிக்கவில்லை என்று ஒருமுறை பார்த்துவிட்டு நானும் நிறுத்திக்கொண்டேன்.

பிறகு அத்தை தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய்க் கல்லில் உட்கார்ந்து கால்மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"மறுபடி எப்பங்கத்தை வருவீங்க?"

"ஏழாம் மாசம் சாமி."

"அதுமுட்டும் பாகு பத்துமா?"

அவள் என்னைப் பார்த்தாள். "பத்தாட்டி என்ன பண்றது" என்றாள்.

எனக்கு அந்தப் பதில் போதவில்லை. எத்தனை பாட்டில் தேவைப்படும், அதற்கு எத்தனை பழம் பறிக்க வேண்டும் என்று அன்றைக்கு நான் போட்ட கணக்கை வாத்தியார் பார்த்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை அம்மா சோகை உரிக்கப் போகவில்லை. நானும் அவளும் வெயில் ஏறுமுன் கரட்டுக்குப் போனோம். பருவம் முடிகிற நேரம். ஓரச்செடிகளையெல்லாம் நான் முன்பே மொட்டையடித்திருந்தேன். உள்ளே பாறை இடுக்கில் இருக்கிற செடிகளுக்குத்தான் போகவேண்டியிருந்தது. அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முள்ளுக்குள் நுழைந்தாள். உள்ளேயிருந்து அவள் யாரையோ திட்டுகிற சத்தம் வந்துகொண்டேயிருந்தது. முள்ளையா, பள்ளிபாளையத்தையா, தன் வாயையா என்று தெளிவாகத் தெரியவில்லை. உச்சி வெயிலில் இரண்டு கூடை பழத்தோடு இறங்கினோம். அவள் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் கோடுகோடாகக் கீறல். கரட்டில் மிச்சமிருந்தது வெறும் பச்சைக்காய். பெருமையோடு நான் திரும்பிப் பார்த்தேன். ஒரு பழம்கூட விடவில்லை.

பாகு காய்ச்சும் முறையை அம்மா டிவியில் பார்த்திருந்தாள். ஒரு பெண் திராட்சையில் செய்து காட்டியிருந்தாளாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் பழத்தைக் கழுவி, காம்பு நீக்கி, எவர்சில்வர் அண்டாவில் வேகவைத்து, மத்தால் கடைந்து, அப்பாவின் பழைய வேட்டித் துணியில் வடித்தாள். வெல்லம் போட்டால் நிறம் கறுத்துவிடும் என்று ரேஷன் அஸ்காவை எடுத்தாள். எங்கள் பக்கம் வெள்ளைச் சர்க்கரைக்கு அஸ்கா என்றுதான் பேர்.

"வெல்லம் காய்ச்சறவன் ஊட்டுல அஸ்காப் பாகு. வெளிய சொல்லிப் போடாதீங்க, என்னை ஆலைக்குள்ள உடமாட்டாங்க" என்று சொல்லிவிட்டுத்தான் அப்பா அன்று காலை வேலைக்குப் போயிருந்தார்.

சர்க்கரை கரைந்து கொதிக்கக் கொதிக்க, அதுவரை நான் பார்த்திராத ஒரு சிவப்பு வந்தது. செம்பருத்திச் சிவப்பும் இல்லை, பீட்ரூட் சிவப்பும் இல்லை; வெயிலில் பிடித்த கண்ணாடி வளையல்போல ஒளி உள்ளே போய்த் திரும்பி வருகிற சிவப்பு. கரண்டியை நக்கக் கொடுத்தாள். முதலில் இனிப்பு, அது போவதற்குள் புளிப்பு எழுந்து காதுமடல் வரைக்கும் கூசியது. இதைக் குடித்தால் வாந்தி எங்கே வரும்? எனக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. அம்மா அண்டாவை இறக்கி வைத்துவிட்டுப் பாட்டில்களை எடுத்து வரப் பின்பக்கம் போனாள். ஆலைக்குப் பின்னால் கிடக்கிற பிராந்தி பாட்டில்களைத்தான் நான் பொறுக்கி வந்திருந்தேன். அவள் அவற்றைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, கொதிநீரில் போட்டெடுத்து, வாடை போகவேண்டுமென்று வெயிலில் கவிழ்த்திருந்தாள்.

அந்த நேரத்தில்தான் அப்பா ஆலையிலிருந்து வந்தார். வழக்கமாக வந்ததும் குளித்து, சாப்பிட்டு, பாதிச் சோற்றிலேயே கண் சொக்கிப்போகிற மனிதர். அன்றைக்குக் குளிக்காமல் நேராக வந்து அண்டா முன்னால் குந்தினார். கையில் கரும்புச் சக்கைச் சாம்பல் ஒட்டியிருந்தது. "எங்க, பாகு பாக்கலாம்" என்று கரண்டியில் எடுத்துச் சொட்டவிட்டார். சொட்டு எப்படி விழுகிறது என்று பார்த்தார். ஒரு சொட்டை உள்ளங்கையில் வாங்கி நக்கினார்.

"நல்லா வந்திருக்குது" என்றார். "உங்கம்மா கெட்டிக்காரி."

உள்ளே அறையில் அத்தை பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு சேலையை மடித்து வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து மூச்சு வாங்குவாள். பிறகு எழுந்து அடுத்ததை எடுப்பாள். கதவு திறந்திருந்தது. அப்பா அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாமி, அந்தச் சுண்ணாம்பு டப்பாவ எடு" என்றார்.

எங்கள் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் அதிகம்; எந்த வீட்டிலும் வெற்றிலைக்கும் சுண்ணாம்புக்கும் எப்போதும் குறைவிருக்காது. மாடத்திலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அப்பா டம்ளரில் தண்ணீர் ஊற்றி, டப்பா முழுவதையும் அதில் வழித்துப் போட்டு விரலால் கலக்கினார்.

"எதுக்குங்கப்பா?"

"அழுக்கெடுக்கோணுமல்ல."

"இதுல அழுக்கே இல்லீங்களே."

"நம்ம கண்ணுக்குத் தெரியாது. சுண்ணாம்பு உட்டாத்தான் மேல வரும்."

சாறு சூடேறும்போதுதான் சுண்ணாம்பு விடுவார்கள், பாகு இறக்கிய பிறகு எவனும் விடமாட்டான் என்பது எனக்கு அப்போதே தெரியும். ஆலைக்குச் சாப்பாடு கொண்டுபோய் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஆனால் பாகு விஷயத்தில் அப்பா கையைச் சந்தேகப்படுவது எங்கள் ஊரிலேயே யாரும் செய்யாத காரியம். நான் கரண்டியைப் பிடித்துக்கொண்டு உதவிக்கு நின்றேன்.

பாதி டம்ளரை ஊற்றிக் கிளறினார். சிவப்பு முதலில் கத்திரிப்பூ நிறமானது. ஆஹா என்று நினைத்தேன். அதற்குள் அது கறுநீலமானது. நக்கிப் பார்த்தார். மிச்சத்தையும் ஊற்றினார். நீலம் போய், மழைக்காலத்துக் குட்டைத் தண்ணீர்போல ஒரு கலங்கல் பச்சை வந்து நின்றது. மறுபடி நக்கிப் பார்த்து, "சேரி" என்றார்.

பல வருடம் கழித்து நாமக்கல்லில் கல்லூரி ஆய்வகத்தில் சிவப்பு லிட்மஸ் தாள் நீலமானபோது எல்லாரும் நோட்டில் எழுதிவிட்டு அடுத்த குழாயை எடுத்தார்கள். நான் மட்டும் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எங்கள் வீட்டில் முதலில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான். அமிலம், காரம் என்று பாடத்தில் படித்திருந்தும், எங்கள் அண்டாவில் நடந்ததும் அதுதான் என்று அங்கே போன பிறகுதான் புரிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், நான் உயிரைக் கொடுத்துப் பறித்த பழம் பாசித் தண்ணீராகிவிட்டது என்பதுதான். ஓவென்று அழத் தொடங்கினேன்.

அம்மா நெஞ்சோடு பாட்டில்களை அணைத்தபடி ஓடிவந்தாள். "ஏனுங்க, என்ன பண்ணி வெச்சிருக்கறீங்க?"

"கைப் பழக்கம். சுண்ணாம்பு உட்டுப் போட்டேன்."

அம்மா அண்டாவைப் பார்த்தாள். துடைத்துவைத்ததுபோல் இருந்த சுண்ணாம்பு டப்பாவைப் பார்த்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அடுப்புக்கு ஊற்றும்போது ஒரு சொட்டு மண்ணெண்ணெய் சிந்தினாலே ஒரு வாரம் பேசுகிறவள். பெரிய சண்டை வரப்போகிறது, எனக்காக அம்மா பேசுவாள் என்று அழுகையைக் கொஞ்சம் குறைத்துக் காத்திருந்தேன். அவள் பாட்டில்களை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கி வைத்தாள்.

"ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருந்தா நான் அந்த முள்ளுக்குள்ள பூந்திருக்க மாட்டனல்ல?"

"சொல்லியிருந்தா மாப்பளை வந்ததும் உன் மூஞ்சியே காட்டிக் குடுத்துரும்" என்றார் அப்பா. எழுந்து குளிக்கப் போய்விட்டார். அம்மா கீறல் விழுந்த கையை முந்தானையால் மூடிக்கொண்டு, "ஆமா, நான்தான் அரிச்சந்திரன் பொண்டாட்டி" என்று அவர் முதுகைப் பார்த்து முணுமுணுத்தாள். சண்டை அவ்வளவுதான். எனக்குப் பெரிய ஏமாற்றமாக இருந்தது.

மாமா மத்தியானப் பஸ்ஸில் வந்தார். தேய்த்த வெள்ளைச் சட்டை, கையில் ரொட்டியும் ஆரஞ்சும். காதுக்கு மேலே முடியில் தறிப் பஞ்சு ஒட்டியிருந்தது. அதைத் தட்டிவிடக்கூட நேரமில்லாமல் புறப்பட்டிருக்கிறார். அத்தை பையோடு அறை வாசலில் வந்து நின்றாள். அவளுக்கு நடந்தது தெரியாது என்றுதான் நினைத்தேன். நான் அழுததை அவள் பிரிவுக்கு அழுததாக எடுத்துக்கொண்டு என் தலையைத் தடவினாள்.

அம்மா ஒரு டம்ளரில் அந்தப் பச்சையை ஊற்றித் தண்ணீர் கலந்து மாமாவிடமே நீட்டினாள். "நீங்களே பாருங்கண்ணா."

மாமா ஒரு வாய் குடித்தார். விழுங்கவும் முடியாமல், மச்சான் வீட்டில் துப்பவும் முடியாமல் கொஞ்ச நேரம் தவித்து, வாசலுக்கு ஓடித் துப்பினார். "என்னங்க மச்சான் இது, செவுத்துக்கு வெள்ளையடிக்கற தண்ணியாட்ட இருக்குது?"

"தப்பு நம்முளுதுங்க மாப்பளை. பாகுன்னதும் கை தானாச் சுண்ணாம்பை உட்டுப் போடுச்சு."

"மறுக்காக் காய்ச்சிக்கலாமல்லங்க?"

இதற்குப் பதில் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் அங்கே இல்லை. "பழமே இல்லீங்க மாமா" என்றேன். "எல்லாத்தையும் பறிச்சுட்டமுங்க. இனி வார வருசந்தானுங்க." அப்பா என்னைப் பார்த்த பார்வையில் கோபமில்லை. அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

"எலுமிச்சம்பழம் கிலுமிச்சம்பழம்..." என்று மாமா இழுத்தார்.

"எல்லாம் குடுத்துப் பாத்தாச்சுங்க. நிக்கறதில்லைங்க" என்றாள் அம்மா, தரையைப் பார்த்துக்கொண்டு.

மாமா அத்தையின் பக்கம் திரும்பினார். "ஏம்புள்ள, என்ன பண்ணலாங்கறே?"

"நீங்க சொல்றதுதானுங்க."

பையைக் கீழே வைக்காமலே அவள் நின்றாள். மாமா அவளைப் பார்த்தார். வந்ததிலிருந்து அப்போதுதான் அவளைச் சரியாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். பிறகு செல்போனை எடுத்துக்கொண்டு ரோட்டுக்குப் போனார். "இல்லம்மா... கெட்டுப் போச்சும்மா... நாந்தான் குடிச்சுப் பாத்தனே... சேரி, சேரிம்மா..." என்று துண்டு துண்டாகக் கேட்டது. போனை அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் அதைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்து, "கட்டுச்சோத்து விருந்த வெறும் பேருக்கு வெச்சுக்கலாம். அதுமுட்டும் இங்கயே இருக்கட்டும்னுட்டாங்க" என்றார். யார் சொன்னார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

அத்தை பையைக் கீழே வைத்தாள்.

அம்மா கோழி அடித்துப் போட்டாள். மாமா சாப்பிட்டுக் கை கழுவினார். ஈரம் காய்வதற்குள் சுவரில் சாய்ந்து தூங்கிப்போனார். வாய் திறந்திருந்தது. இப்போது நானும் ஷிப்டு வேலை பார்க்கிறேன். உட்கார்ந்த இடத்தில் ஆளை அடித்துப்போடுகிற அந்தத் தூக்கம் எனக்கும் தெரியும். அன்றைக்கு எனக்கு அது சிரிப்பாக இருந்தது. அத்தை பக்கத்தில் உட்கார்ந்து, சாயங்காலப் பஸ் வருகிறவரைக்கும் முந்தானையால் அவர் மேல் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். எழுப்பும்போது அந்தப் பஞ்சை எடுத்துவிட்டு எழுப்பினாள்.

அப்பா அவரைப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பியபோது அத்தை அடுப்படியில் இருந்தாள். "அந்தத் தண்ணியக் கொஞ்சம் ஊத்து சாமி" என்று என்னிடம் டம்ளரை நீட்டினாள். வேண்டாமென்று எவ்வளவோ சொன்னேன். ஊற்றச் சொல்லி வாங்கி, முகம் சுளிக்காமல் முழு டம்ளரையும் குடித்தாள்.

"நல்லாத்தாண்ணா இருக்குது" என்றாள்.

அப்பா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "வாயக் கொப்புளி, நாக்கு வெந்துரும்" என்றார்.

அதன் பிறகு அத்தை போய்ப் படுத்தாள். சாப்பாட்டுக்கு எழுப்பினேன், எழுந்திருக்கவில்லை. விடிந்து நான் பள்ளிக்கூடம் போகும்போதும் அதே பக்கம் ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அன்றைக்குப் பாடம் எதுவும் என் காதில் ஏறவில்லை. சாயங்காலம் ஓடி வந்து பார்த்தால் இன்னும் தூக்கம். நடுவில் எழுந்து தயிர்ச்சோறு தின்றாள், வாந்தி வரவில்லை, மறுபடி படுத்துக்கொண்டாள் என்று அம்மா சொன்னாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. மனிதர்கள் பகலில் அப்படித் தூங்கி எங்கள் வீட்டில் நான் பார்த்ததில்லை. செத்துப்போகிறவர்கள்தான் இப்படி அசையாமல் கிடப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

"அத்தைக்கு என்னமோ ஆயிருச்சும்மா. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போலாங்கம்மா."

"ஒண்ணும் ஆகுலை. தூங்கட்டும், உடு சாமி."

அம்மா அந்தப் பக்கம் போனதும் மெதுவாக உள்ளே போய்ப் பக்கத்தில் குனிந்து பார்த்தேன். காலடி கேட்டோ என்னவோ அத்தை பாதிக் கண்ணைத் திறந்தாள்.

"தறிய யாரு நிறுத்துனது?"

"இங்க தறியே இல்லீங்களே அத்தை" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு நீளமாக ஒரு மூச்சு விட்டு, கையைக் கன்னத்துக்கடியில் கொடுத்து, மறுபடி தூங்கிவிட்டாள். காய்ச்சலில்தான் இப்படிச் சம்பந்தமில்லாமல் பேசுவார்கள் என்று பயந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்துதான் இருந்தது. அப்பா சுண்ணாம்பைக் கொஞ்சம் அதிகமாகப் போட்டுவிட்டார், அதனால்தான் இப்படித் தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டு, சத்தம் வராமல் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தேன்.